ஸ்டென்சில் அண்ணனின் ஏழு எழுத்து

நான் ஒரு அசடு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம். பழவேற்காட்டில் பஸ் ஏறி, மீஞ்சூரில் ரயில் பிடித்து, சென்னை ஆபீஸ் போய்ச் சேரும்வரை நான் செய்கிற ஒரே வேலை செல்போனில் இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு. அது ஏழு எழுத்து கொடுக்கும். அதை வைத்து வார்த்தை சேர்க்க வேண்டும். சென்ட்ரல் வருவதற்குள் 'ரேட்', 'சீட்' என்று நாலைந்து தேறும். அதற்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரரைப் பார்ப்பேன். அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இங்கிலீஷ் பாஷையை எங்கள் ஸ்டென்சில் அண்ணன் மாதிரி பிழிந்து சாறெடுத்த மனிதர் இங்கிலாந்திலேயே கிடையாது. ஏரிக்கரைக் குப்பங்களில் படகுக்குப் பெயர் எழுதுகிறவர் அவர். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் எழுத்துகளை வெட்டி வைத்திருப்பார். படகின் மேல் ஒட்டி, பஞ்சில் பெயின்ட் தொட்டு ஒற்றி எடுத்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஒரு புயலில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து எழுத்துப் பையைக் கொண்டுபோய்விட்டது. அன்று 'சீ ட்ரெயின்' என்று ஒரு படகுக்கு எழுதி முடித்து, கழுவிக் கொடியில் மாட்டியிருந்த எழுத்துகள் மட்டும் தப்பின. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. வேறு யாராக இருந்தாலும் மறுநாளே மிச்சத்தை வெட்டியிருப்பார்கள். அண்ணனோ, ஏரி வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைத்தான் எடுத்துப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் படகுகளுக்கு அந்த ஏழு எழுத்துக்குள்தான் பெயர்.

அதில் இன்னொரு பிடிவாதம். ஒருவருக்கு வைத்த பெயரை இன்னொருவருக்கு வைக்க மாட்டார். ஸ்டார், ரெயின், ராணியெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோயின. அண்ணன் பழைய பேப்பர் கடையிலிருந்து தலையணை கனத்தில் ஒரு டிக்‌ஷனரி வாங்கி வந்து, கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் படுத்துக்கொண்டார். அதன் பிறகு கரையில் இறங்கியவை டென்னிஸ், ஆர்ட்டிஸ்ட், அசிஸ்டென்ட், ரெடினா, என்டர்டெயினர். சாயங்காலமானால் பெண்கள் கரையில் நின்று, "டென்னிஸ் வந்துட்டான், ரெடினா இன்னும் காணோமே" என்று கவலைப்படுவார்கள். என் செல்போன் ஒரு வருஷம் முழுக்க யோசித்தாலும் இத்தனை வராது. நான் வாயைப் பிளந்தபடி நிற்பேன்.

தேசப்பன் படகின் பெயர் 'அசாசின்'. நண்டு எதிரே வந்தாலே ஒதுங்கி வழிவிடுகிற மனிதர் தேசப்பன். படித்தவன் என்ற திமிரில் நான்தான் போய், ஆளை ஒழித்துக்கட்டுகிறவன் என்று அர்த்தம் சொன்னேன். பயப்படுவார் என்று பார்த்தால், ஏலம் எடுக்க வந்த வியாபாரிகள் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "அத்த இங்க நின்னு சத்தமா சொல்லு நைனா" என்றார்.

இப்படிப்பட்ட அண்ணனையே ஒருநாள் ஒரு பெண் மடக்கிவிட்டாள். ஏழுமலை புதுப் படகு வாங்கியிருந்தான். மறுநாள் விடிந்தால் அவனுக்குப் பாடு. பாடு என்றால் ஏரியில் வலை கட்டுவதற்கு ஊர் வைத்திருக்கும் முறை. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். தன் நாளில் படகோடு நிற்காதவனுக்கு முறை போனது போனதுதான். அடுத்த சுற்று வரை கரையில் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டும். இறால் வரத்து நன்றாக இருந்த சமயம் வேறு. ஆனால் வீட்டுக்காரி மஞ்சள் குங்குமம் வைக்காமல் எங்கள் ஊரில் ஒருவரும் புதுப் படகைத் தண்ணீரில் தள்ளத் தோள் கொடுக்க மாட்டார்கள். அவன் பெண்டாட்டி குமுதா குங்குமத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். படகில் தன் பெயர் இருந்தால்தான் குங்குமமாம்.

அண்ணன் எழுத்துகளைப் புரட்டிப் பார்த்தார். "கே இல்ல, யூ இல்ல, எம் இல்ல. டி-யும் ஏ-வும் கீது. அத்த வெச்சி டாட்டாதான் காட்டலாம்."

"எம் பேரு இல்லாத படகுக்கு நான் எதுக்கு? போனா போவட்டும்" என்றாள் குமுதா.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏழுமலைக்கு வேர்த்துக் கொட்டியது. நான் சும்மா இருப்பேனா? செல்போனை எடுத்துத் தடவி, 'சைரன்' என்று ஒன்றை நீட்டினேன். அர்த்தம் கேட்டாள். ஆம்புலன்ஸில் கத்துமே, அது என்றேன். அவள் பார்த்த பார்வையில் செல்போன் தானாகவே பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

அண்ணன் அவசரப்படவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "ஏழுமல, வூட்ல இவள எப்புடிடா கூப்புடுவ?"

அவன் நெளிந்தான். "இன்னாண்ணா, பேர் சொல்லியா கூப்புடுவாங்க? சும்மா 'இன்னா'ன்னுதான்."

"பேர் சொல்லி ஒரு வாட்டியாவது கூப்ட்டுகிறானாம்மா?"

குமுதா யோசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

அண்ணன் எழுந்து நான்கு எழுத்தை ஒற்றினார். ஐ, என், என், ஏ. வெள்ளைப் படகில் சிவப்பாக 'இன்னா'. கூட்டம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் குமுதாவைத் திரும்பிப் பார்த்தது. குமுதாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழுமலை பயத்தில், பழக்க தோஷத்தில், மெல்லக் கூப்பிட்டான்: "இன்னா..."

"ஆங்" என்றாள் அவள், அவளும் பழக்க தோஷத்தில்.

கரையே சிரித்தது. குமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, பெயின்ட் காயாத பெயரின் பக்கத்தில் குங்குமத்தை வைத்தாள். தோள் கொடுக்க இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்களோ, படகு தண்ணீரில் மிதந்தது.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வெள்ளெனவே கரைக்குப் போனேன். தூரத்தில், தன் பாட்டில், 'இன்னா' வலை கட்டி நின்றது. ஸ்டென்சில் அண்ணன் ஃபிலிம்களை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏ-வைச் சுற்றி யாருடைய விலா எலும்போ தெரிந்தது. அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கமாக இருந்ததால், வேறு ஏதோ சொல்லிவைத்தேன். எக்ஸ்ரே ஃபிலிம் எவ்வளவு வேண்டுமானாலும் சென்னையிலிருந்து வாங்கி வருகிறேன், மிச்ச எழுத்தையும் வெட்டிவிடுங்கள், இருபத்தாறும் இருந்தால் நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள் என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இருபத்தாறும் வெச்சிகினு நீ இன்னாத்த கிழிச்ச?"