கிடாவுக்கு முன்னால் ஒரு மூலபாஷைக்காரர்

மூலபாஷைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் ஒரு சொல்லைச் சொன்னால் போதும்; சொன்ன காரியத்தை விட்டுவிட்டு, அந்தச் சொல்லின் தகப்பனை, பாட்டனை, அவர்கள் குடியிருந்த ஊரை, அங்கே அவர்களுக்கு இருந்த பெயரை எல்லாம் விசாரித்துக்கொண்டே போவார். 'மழை வரும்போலிருக்கிறது' என்று சொல்லிப்பாருங்கள். குடையை எடுக்கமாட்டார். மழைக்கு எபிரேயத்தில் எத்தனை சொல் என்று எண்ணுவார். இருவரும் நனைவீர்கள்.

எங்கள் போடிநாயக்கனூருக்கு வாய்த்தவர் பொன்னுமணி உபதேசியார். மதுரையில் ஒரு மிஷன் துரையிடம் வேதாகமத்தின் மூலபாஷையான எபிரேயம் படித்தவர். படித்ததில் மிஞ்சியது நாற்பது சொல். அவற்றில் முப்பது பலியைப் பற்றியவை. ஆகவே எந்தத் தெருவில் கிடா கத்தினாலும் அங்கே நிற்பார். கண்டிக்கத்தான் போகிறார் என்று சபையார் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது? என் வீட்டுத் துக்கத்துக்கும் வந்தார். ஆத்துமா என்பதற்கு மூலத்தில் தொண்டை என்றும் பொருள் உண்டென்று அரைமணி நேரம் விளக்கிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சென்ற ஆவணியில் ராசிங்காபுரத்து இருளம்மாள் மலையடிவாரக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டினாள். ஏலமலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கிய அவள் புருஷன் கோட்டைச்சாமி பிழைத்ததற்கு நேர்ந்த கிடா. அவன் மறுபடி மலையேற வேண்டிய நாளும் அதுதான். கூட்டாளிகள் குரங்கணிப் பாதையில் மூட்டையோடு நின்றார்கள். நேர்ச்சை தீராதவனைக் கூடச் சேர்க்கமாட்டார்கள். அவர்களை விட்டால் அந்த வருஷத்து ஏலக்காய்ப் பறிப்பு அவனுக்கு இல்லை.

கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியாயிற்று. அது உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம், அப்புறம்தான் அரிவாள். கிடா துலுக்கவில்லை.

மூலபாஷைக்காரருக்கு இதைவிட நல்ல வேளை எப்போது வாய்க்கும்?

"பலிக்கு மூலத்தில் கொர்பான். கிட்டே வருவது என்று அர்த்தம்," என்றார் உபதேசியார்.

"கிட்டத்தானய்யா நிக்குது. துலுக்கத்தான் மாட்டேங்குது," என்றாள் இருளம்மாள், இரண்டாவது செம்பை ஊற்றியபடி.

"ஓலா என்று ஒன்று. மேலே ஏறுவது. முழுக்கப் புகையாகிவிடும், தின்ன ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் அது இங்கே பொருந்தாது. ஷெலாமீம்தான் பொருந்தும். கூடியிருந்து சாப்பிடுவது. அதில் வலது தொடை ஆசாரியனுக்கு."

"இங்க ஆசாரியன் யாருண்ணே?" என்று கோட்டைச்சாமியைக் கேட்டான், அரிவாளோடு நின்ற காசிமாயன்.

உபதேசியார் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

மூன்றாவது செம்பும் தீர்ந்தது. பாதையிலிருந்து குரல் வந்தது: "கோட்டை, வெரசா வா. இல்லாட்டி நாங்க போறோம்."

இருளம்மாளுக்குக் கண் கலங்கியது. கிடாவைப் பார்த்தாள். அது காதைத் தூக்கிக்கொண்டு உபதேசியாரையே பார்த்து நின்றது.

"அய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாயை மூடுங்க. அது நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு நிக்குது."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மூடினார். கிடா காதை மடக்கியது. தலை முதல் வால் வரை உதறித் துலுக்கியது.

கோட்டைச்சாமி ஒரு துண்டு கறிகூடத் தின்னாமல் மலைப்பாதைக்கு ஓடினான். அவன் பங்கை, வலது தொடையையே, இருளம்மாள் உபதேசியாரிடம் கொடுத்தாள்.

"ஆசாரியன்னு இல்லய்யா. வாயை மூடுனீகள்ல, அதுக்கு."

"மௌனத்துக்கும் மூலத்தில் ஒரு சொல் உண்டு," என்று ஆரம்பித்தார் அவர்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் கொர்பானுக்கு உபதேசியார் சொன்ன பொருள் சரிதானா என்று பார்க்க அகராதியைத் தேடி எழுந்தவர் மட்டும் தயவுசெய்து உட்காருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ செம்போடு காத்திருக்கிறார்கள்.