வால்வைத் தேடிய ஞாயிற்றுக்கிழமை

இனிமேல் என் மோட்டார் சைக்கிளை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது!

எழுபத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில், ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே இப்படி ஒரு சபதம் செய்தேன். வாயில் நுரை இருந்ததால் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி செய்தேன்.

வண்டி பத்து உதைக்கு ஒரு தரம்தான் கிளம்பும். கிளம்பினாலும் எங்கள் கிட்வாய் நகரைத் தாண்டுவதற்குள் நாலு தரம் தும்மும். "இதைத் தலையைச் சுத்தித் தூக்கி எறியுங்கோ, ஸ்கூட்டர் வாங்குங்கோ" என்று ஆறு வருஷமாக என் மனைவி அனந்தலக்ஷ்மி நச்சரிக்கிறாள். ஸ்கூட்டராம்! நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதைத்தான் ஆபீஸில் பகலெல்லாம் செய்கிறேனே! மோட்டார் சைக்கிளில் ஏறினால் நான் ராஜா. இறங்கினால் கிளார்க். அதை எப்படி விடுவது?

மாடி வீட்டு ராமமூர்த்தியின் மோட்டார் சைக்கிள் மட்டும் கம்பீரமாகப் போகும். மாதம் ஒரு தரம் வால்வு இடைவெளியை அவரே சரி செய்வாராம். அவர் வண்டிப் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். நேரே காஷ்மீரி கேட் உதிரிசாமான் கடைக்குப் போய் ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வந்தேன். பார்க்க மடக்குக் கத்தி மாதிரி இருக்கும். விரித்தால் பத்துப் பதினைந்து மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். தகட்டை இடுக்கில் செருகி அளக்க வேண்டியது.

"என்னன்னா இது, அப்பளம் வெட்டறதா?"

"வால்வு கேப் அளக்கறது. ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டு, அதுல ஆறு பங்கு!"

"அச்சா! நம்ம வண்டியிலயா?"

"பின்னே, மாவு மிஷின்லயா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்கு ஆகாது. அன்றைக்குப் பார்த்து அது மறந்துவிட்டது.

"சரி. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வால்வை சரி பண்ணிட்டேள்னா, ஸ்கூட்டர்னு வாயே திறக்கமாட்டேன்."

"பண்ணலேன்னா?"

"வண்டியை வித்துடணும்."

"வித்துடறேன்!"

"ராமமூர்த்தி சார், கேட்டுண்டேளா?"

புத்தகத்தைத் திரும்ப வாங்க வந்த ராமமூர்த்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கையில் காபி டம்ளரைத் திணித்தாள்.

ஞாயிறு காலை, வெயிலில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். ஒரு மூடியைக் கழற்றினேன். வால்வு இல்லை. அடுத்ததைக் கழற்றினேன். அங்கேயும் இல்லை. காய்கறி வண்டிக்கார பையா, "பாபுஜி, க்யா கோ கயா?" என்று, என்ன தொலைந்தது எனக் கேட்டு அவனும் குனிந்து தேடினான்.

"ஜல்தி வாங்கோ, சாம்பார் ஆறிண்டிருக்கு!" என்று உள்ளேயிருந்து அனந்தலக்ஷ்மி கூப்பிட்டாள்.

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் மாட்டினேன். மிஞ்சிய இரண்டு ஸ்க்ரூவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சரி செய்தாயிற்று என்று துணிந்து பொய் சொல்லிவிட வேண்டியதுதான். எஞ்சினுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்து மணி. சாட்சிக்கு ராமமூர்த்தி. பயந்துகொண்டே உதைத்தேன். ஒரே உதை! வண்டி கிளம்பிவிட்டது. தும்மல் இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

"வால்வு?" என்றாள்.

"பர்ஃபெக்ட்! ஒண்ணு நாலு, இன்னொண்ணு ஆறு. என் கையால அளந்தேன்!"

அவள் உள்ளே போய், கேஸ் சிலிண்டர் காகிதங்களோடு பத்திரமாக வைத்திருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தாள். என் வண்டியோடு வந்தது. நான் பிரித்ததே இல்லை.

"ஏழாம் பக்கம். உரக்கப் படிங்கோ."

படித்தேன். "இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் வால்வுகளே கிடையாது."

"என் வண்டி வேற ரகம், அதுக்குத்தான் வால்வு உண்டு. நேத்தே சொல்ல வந்தேன் சார். காபி ரொம்ப சூடு" என்றார் ராமமூர்த்தி.

"அப்போ எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

"நீங்க தூங்கறச்சே ப்ளக்கைக் கழட்டித் தேச்சு, உங்க இருபதாம் நம்பர் தகட்டை வெச்சு கேப்பை சரி பண்ணினேன். பன்னெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு. வண்டியை வாங்க வரவா உதைச்சுப் பாப்பாளோல்லியோ?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"அதுக்குள்ள இதை விக்க என்ன அவசரம்? ஸ்கூட்டருக்குப் பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணுமே!"

ஒரு கவரை நீட்டினாள். "ஆறு வருஷம் முன்னாடியே என் பேர்ல பதிஞ்சாச்சு. வியாழக்கிழமை அலாட்மென்ட் லெட்டர் வந்துது."

கையிலிருந்த புத்தம்புது ஃபீலர் கேஜைப் பார்த்தேன்.

"அந்த ஸ்கூட்டர்லயாவது வால்வு இருக்குமோ?"

"இல்லை. விசாரிச்சுண்டுதான் பதிஞ்சேன்."