இடது கையோடு ஒரு போட்டி

"என்னங்க, வீட்டுக்குள்ள தேனீ ஏதாவது புகுந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றி வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர் முன்னால் பேஸ்காரர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் கிட்டார். பெட்டிக்குள்ளிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கிட்டார் கம்பியைத் தொட்டால் நின்றது. கையை எடுத்தால் மறுபடியும் ஆரம்பித்தது.

"தொட்டா நிக்குது, விட்டா கத்துது."

"நம்ம பெரியவன் கைக்குழந்தையா இருந்தப்ப அப்படித்தான் இருந்தான். தூக்கி வச்சுக்கிட்டே இருங்க."

"விளையாடாதே. இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு வாழ்வா சாவா."

அது மிகையில்லை. பகலில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மற்ற நேரமெல்லாம் பேஸ் கிட்டார்தான் உயிர். நாலே நாலு தடித்த கம்பி. அந்த வாத்தியத்தின் தலையெழுத்து என்னவென்றால், அது ஒலிக்கும்போது யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான், பாட்டு ஏன் திடீரென்று இளைத்துப்போயிற்று என்று எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். பத்து வருடமாகக் குழுவில் வாசிக்கிறவரைக் கச்சேரி முடிந்ததும், "நீங்க மைக் செட் ஆளா?" என்றுதான் கேட்பார்கள். அசையாமல் நிற்பதால் குழுவில் அவருக்குத் 'தூணு' என்று பெயர்.

அந்தத் தூணைத்தான் போன வாரம் பாடகர் பெயர்க்கப் பார்த்தார். குழுவுக்குத் தலைவரும் அவரே.

"கீபோர்டுக்காரருக்கு இடது கை சும்மாத்தானே கிடக்கு? அதுலயே பேஸை வாசிச்சுட்டாப் போச்சு. வண்டியிலயும் இடம் மிச்சம். இந்த ஓட்டல் வாய்ப்பு மட்டும் உன்னால கெட்டுச்சுன்னா, தூணு, தப்பா நினைக்காதே."

மனிதன் மனிதனிடம் தோற்கலாம். ஒரு இடது கையிடம் தோற்பதா? பேஸ்காரருக்கு அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

ஓட்டல் வாய்ப்பு என்பதும் லேசுப்பட்டதல்ல. அந்த ஓட்டல் கூடத்தில் நிரந்தரமாக வாசிக்க ஒரு குழு வேண்டும். முதலாளியே நேரில் உட்கார்ந்து கேட்டுத்தான் தேர்ந்தெடுப்பார். அவரைப் பற்றிப் பேசும்போது பாடகரின் குரலே தணிந்துவிடும்.

"எத்தனையோ குழுவைத் திருப்பி அனுப்பிட்டாராம். பரிசு வாங்கின குழுவெல்லாம் போயிருக்கு. பாதிப் பாட்டுல ஒத்தை விரலைத் தூக்குவாராம், எழுந்து போயிடுவாராம். ஏன்னு கேக்க ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது. காதுன்னா அது காது!"

அப்பேர்ப்பட்ட காதுக்கு முன்னால் இந்த இரைச்சலோடு போய் நிற்க முடியுமா?

பேஸ்காரர் முதலில் வயரை மாற்றினார். இரைச்சல் அப்படியே இருந்தது. கூடவே கடுகு வெடிக்கிற சத்தமும் சேர்ந்துகொண்டது. பழைய வயரையே மாட்டலாம் என்று புதியதை அவசரத்தில் பிடுங்கியதில் அதன் முனை பெட்டிக்குள்ளேயே உடைந்து நின்றுவிட்டது.

"என் தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"அவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன்."

"ஃபிரிட்ஜும்தான் இரையுது. அவன் நிறுத்துறான் இல்ல?"

மச்சினன் வந்தான். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "எர்த் சரியில்லை மாமா. எங்கிட்ட விடுங்க" என்றான். இந்த 'எங்கிட்ட விடுங்க' என்ற வார்த்தையால் உலகத்தில் எத்தனை சாமான்கள் வீணாய்ப் போயிருக்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. மச்சினன் கழற்றினான், முறுக்கினான், ஒட்டினான், மூடினான். மூடிய பிறகு மேஜைமேல் இரண்டு திருகாணிகள் மிச்சம் இருந்தன.

"இது?"

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா போட்டிருப்பான் மாமா. ஸ்விட்சைப் போடுங்க."

போட்டார். இரைச்சல் சுத்தமாக நின்றிருந்தது. பேஸ்காரருக்கு மச்சினனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கம்பியை மீட்டினார். அதுவும் சுத்தமாக நின்றிருந்தது. பிறகு பெட்டியின் பின்புறத்திலிருந்து மெல்லியதாக ஒரு புகை கிளம்பியது.

"என்னடா இது?"

"இரைச்சல் வருதா மாமா?"

"வரலை."

"அப்புறம் என்ன?"

பேஸ்காரருக்கு அவனை அடிக்க நேரமில்லை. இருவரும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவரிடம் ஓடினார்கள்.

"அண்ணே, சின்னதா ஒரு பேஸ் பெட்டி."

"சின்னதெல்லாம் கல்யாணத்துக்குப் போயிடுச்சு தம்பி. இது ஒண்ணுதான் இருக்கு" என்று அவர் தார்ப்பாயை விலக்கினார்.

உள்ளே ஒரு பீரோ இருந்தது. பீரோ இல்லை, ஸ்பீக்கர். மைதானத்தில் வைக்கிற ஜாதி. பேஸ்காரர் தன்னை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வாழ்நாளில் இப்படி ஒன்றின் பக்கத்தில்கூட நிற்போம் என்று அவர் நினைத்ததில்லை.

"மாமா, வாயை மூடுங்க. லாரி பிடிக்கணும்" என்றான் மச்சினன்.

அந்த ஓட்டல் கூடத்தில் சாப்பாட்டு வேளை முடிந்த அமைதி. மேஜைகளில் புதுத் துணி, அடுக்கி வைத்த கரண்டிகள். தரை முழுக்க மரப்பலகை. அதுவே ஓர் ஓரத்தில் சற்று உயர்ந்து மேடையாகியிருந்தது. பெட்டி வாசல் வழியாக நுழையவில்லை. சமையல்கட்டு வழியாகக் கொண்டுவந்தார்கள். சமையல்காரர் வாய்க்கு வந்தபடி வைதார். அதைக் கேட்டுக் குழுவினர் திரும்பினார்கள்.

"என்னய்யா இது? வீடு மாத்துறியா?" என்றார் பாடகர்.

"ஆம்ப் புகைஞ்சு போச்சு. இது மட்டும்தான் கிடைச்சுது. மெல்லமா வச்சுக்கிறேன்."

பேஸ்காரர் வயரை மாட்டி, இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரே ஒரு தரம் தொட்டார்.

அது சத்தம் என்று சொல்வதற்கில்லை. தரை ஒரு தரம் மூச்சு விட்டது. மேஜைகளில் கரண்டிகள் தாமாக நகர்ந்தன. பேஸ்காரரின் உள்ளங்காலில் புறப்பட்டு முதுகெலும்பு வழியாக ஏதோ ஒன்று ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. இத்தனை வருடமாகத் தான் வாசித்தது இதுதானா, இவ்வளவு பெரியதா என்று அவர் பிரமித்து நின்றார். கண்கூடக் கலங்கிவிட்டது.

"அண்ணே, எனக்கு வயித்துக்குள்ள கேட்டுது" என்றான் டிரம்ஸ் வாசிக்கிறவன்.

"குறைய்யா!" என்று பாடகர் கத்தினார்.

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இந்த உலகம் சொல்லும் ஒரே அறிவுரை அதுதான். அவர் பணிவாகப் பெட்டியில் சத்தம் குறைக்கிற திருகைப் பிடித்துத் திருகினார். திருகு கையோடு வந்துவிட்டது.

"மாமா, மூலையில தள்ளிடுவோம். சத்தத்தைச் சுவரு குடிச்சிடும்" என்றான் மச்சினன்.

பேஸ் பெட்டியை மூலையில் தள்ளாதே, தள்ளினால் சத்தம் ஒன்றுக்கு இரண்டாகும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஆனால் பதற்றம் வந்தால் மனிதனுக்கு முதலில் மறப்பதே அரிச்சுவடிதான். தள்ளினார்கள். சும்மா விரல் பட்டதற்கே ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. திரும்ப இழுப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

ஒல்லியான, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. பாடகர் ஓடிப்போய்க் கும்பிட்டு ஏதேதோ சொன்னார். முதலாளி அவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதே நேரத்தில், சனியன் பிடித்தாற்போல், டிரம்ஸ்காரன் கைபட்டுப் பித்தளைத் தட்டு ஒன்று முதலாளிக்குப் பின்னால் விழுந்து உருண்டது. எல்லோரும் துள்ளினார்கள். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிதானமாகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாத்தியா?" என்று பாடகர் பிரமிப்போடு கிசுகிசுத்தார். "சுருதி இல்லாத சத்தத்தை மனுஷன் மதிக்கவே மாட்டேங்கிறாரு. இவரு முன்னாடி போய் அந்தப் பூதத்தை வச்சிருக்கியே, பாவி! விரலால தடவு, போதும்."

பாட்டு ஆரம்பித்தது. பாடகர் உருகினார். மேலே போனார், கீழே வந்தார், கண்ணை மூடினார், கையை விரித்தார். கீபோர்டுக்காரர் இரண்டு கையாலும் பொழிந்தார். இடது கை கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. முதலாளியின் முகம் கல். பேஸ்காரர் பூவைத் தொடுகிற மாதிரிதான் தொட்டார். அப்படியும் பலகை கிடுகிடுத்தது.

முதலாளி சட்டென்று குனிந்தார். தன் செருப்பைக் கழற்றினார்.

பாடகருக்கு ஒரு வரி மறந்துபோயிற்று. டிரம்ஸ்காரன் குச்சியைத் தவறவிட்டான். செருப்பைக் கழற்றுகிறவர் எதற்குக் கழற்றுவார் என்று யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதலாளி அதை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றி, பேஸ்காரரையே பார்த்தார்.

"நிறுத்துடா!" என்று பாட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே பாடகர் பல்லைக் கடித்தார்.

பேஸ்காரர் நிறுத்தினார். வேறென்ன செய்வார்? பத்து வருடமும் பாடகர் சொன்னபடிதானே செய்திருக்கிறார்.

முதலாளி சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு காலைச் செருப்புக்குள் நுழைத்தார். எழுந்தார். ஒற்றை விரல் மேலே போயிற்று.

எல்லாம் முடிந்தது என்று பேஸ்காரருக்குப் புரிந்தது. ஓட்டலும் போயிற்று, குழுவும் போயிற்று. பழி தன் தலையில்தான் விடியும். இனி ஜென்மத்துக்கும் லென்ஸ்தான். துக்கம் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு வீம்பும் வந்தது. போகிறதுதான் போகிறது, இப்படி ஒரு பெட்டி இனிமேல் கிடைக்குமா? முழங்கையைச் சற்று உயர்த்தி, நாலு கம்பியிலும் இறங்கி, மனசில் இருந்ததையெல்லாம் வாசித்தார்.

கூடம் எழுந்து உட்கார்ந்தது. கரண்டிகள் மேஜை விளிம்புவரை நடந்துபோய்க் குதித்தன. சமையல்காரர் கரண்டியும் கையுமாக வந்து கதவோரம் நின்று, வைய மறந்தார். தூண் முதல்முறையாக அசைந்தது. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், பாவம்.

முதலாளியின் விரல் அந்தரத்தில் நின்றது. செருப்பைத் திரும்பவும் உதறிவிட்டு மெதுவாக மேடையருகே வந்து, பலகையின்மேல் உள்ளங்கையை வைத்தார். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! யானையை முதல்முதலாகப் பார்க்கிற குழந்தைக்குத்தான் அப்படி ஒரு முகம் இருக்கும். அதைப் பார்த்த பேஸ்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தன் வாசிப்பால் ஒருவர் முகம் இப்படி மலரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கடைசிக் கம்பி ஓய்ந்து, பலகையும் ஓய்ந்த பிறகும் முதலாளி கையை எடுக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வந்துடுங்க" என்றார், கூடம் அதிரும் குரலில்.

"ரொம்ப நன்றிங்கய்யா! அந்த ரெண்டாவது சரணத்துல நான் ஒரு இடம் பிடிச்சேன் பாருங்க" என்று பாடகர் குறுக்கே பாய்ந்தார்.

முதலாளி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேஸ்காரரின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். "இவர் இல்லாம நீங்க யாரும் இந்த வாசப்படி ஏறக் கூடாது. இந்தப் பெட்டியும் வரணும்."

சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். கீபோர்டுக்காரர் தன் இடது கையை மெல்லப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"பழைய பெட்டியைப் புகைய வச்சது யாரு? நான்தானே மாமா!" என்றான் மச்சினன்.

பாடகர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார். வெளியே போகும்போது, வாசலில் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மகளிடம் நின்று, தூணின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்.

"அம்மா, எத்தனையோ ரசிகரைப் பார்த்திருக்கேன். எல்லாரும் மேல ஓடுற பாட்டைத்தான் கேப்பாங்க. அடியில ஓடுறதைப் பிடிக்கிறதுக்குத் தனிக் காது வேணும். எங்க தூணோட அருமை எனக்கு எப்பவோ தெரியும். ஆனா, இத்தனை சத்தத்துக்கு நடுவுல அதைத் தனியாப் பிரிச்சுக் கேட்டாரே உங்கப்பா, அது என்ன காதும்மா!"

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் காது சுத்தமாப் போயி ரொம்ப வருஷம் ஆச்சுங்க. அதுக்கப்புறம் அவருக்குக் கேட்ட முதல் பாட்டு இவர் வாசிச்சதுதான்."