மயக்க மாமா கண் திறக்கவில்லை

அன்று மாலை தாராவியில், ஜெயினுலாப்தீனின் பை தைக்கும் பட்டறையில் கூடியிருந்தவர்கள் வருமாறு: முன்வரிசையில், பட்டறையிலிருந்த ஒரே கைப்பிடி நாற்காலியில், மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த விமர்சகர் நாகலக்ஷ்மி. அவருக்கு வலப்பக்கம், தையல் மிஷின் ஸ்டூலில், பட்டறை முதலாளியும் படத்தின் கதாநாயகனுமான ஜெயினுலாப்தீன். இடப்பக்கம் ஜிப் கடை கரீம் பாட்சா. பின்னால் ரெக்சின் சுருள்களின் மேல் தெருக்காரர்கள். கதவோரம் சமோசாத் தட்டோடு ஜெயினுலாப்தீனின் மனைவி நஜ்முன்னிசா. புரொஜெக்டர் பக்கத்தில் அதை இயக்கும் சைஃப். படத்தை எடுத்த ஆஷிக், ஜெயினுலாப்தீனின் தங்கை மகன், மட்டும் உட்காரவில்லை. நகத்தைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

படம் ஆரம்பித்து, திரையில் ஜெயினுலாப்தீனின் முகம் வந்ததும் கரீம் பாட்சா சிரித்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஜெயினுலாப்தீனை வைத்து ஆஷிக் எடுத்துப் போட்டுவந்த ‘மயக்க மாமா’ வீடியோக்கள் அப்படி. மாமியார் வந்தாலும் சரி, பெண்டாட்டி வேலை சொன்னாலும் சரி, மாமா பொத்தென்று மயங்கி விழுவார். எல்லாரும் அலறி அடித்துத் தண்ணீர் தெளிக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து நம்மைப் பார்ப்பார். அவ்வளவுதான். பாண்டுப்பிலிருந்து கல்யாண் வரை லோக்கல் ரயிலில் அதைப் பார்த்துச் சிரிக்காத தமிழர் கிடையாது.

சிரிக்காதவர் நாகலக்ஷ்மி ஒருவர்தான். ‘இந்தப் பையனுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும், மனத்தைத் தொடத் தெரியாது’ என்று போன வருஷம் தமிழ்ச் சங்கப் பத்திரிகையில் எழுதினார். அந்த வரி ஆஷிக்கை அரித்துக்கொண்டே இருந்தது. மகன் வருவான் வருவான் என்று காத்திருந்து கட்டிலிலேயே கண்மூடும் தகப்பனைப் பற்றி ஒரு படம் எடுத்துவிட்டான். பள்ளிக்கூடப் பை சீசன் நெருக்கடியிலும் மாமா மறுக்காமல் வந்து நடித்துக் கொடுத்தார்.

செம்பூர் திரைப்பட விழாவில் அது இடம்பெற வேண்டுமானால் விமர்சகர் ஒருவர் கைப்பட எழுதிய பரிந்துரைக் கடிதம் வேண்டும். வாட்ஸப் பாராட்டுகளை விழாக்காரர்கள் நம்புவதில்லை. அதற்கு அன்றுதான் கடைசி நாள். “இதுக்கும் சிரிச்சாங்கன்னா கேமராவை வித்துட்டு உங்க கடையில மொபைல் கவர் விக்கேன்” என்று வாப்பாவிடம் ஆஷிக் வாக்குக் கொடுத்திருந்தான். வாப்பா கல்யாண் கடையில் அவனுக்கென்று ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார்.

ஆஷிக் குனிந்து கரீம் பாட்சாவின் காதில் சொன்னான். “காக்கா, சிரிக்காதீங்க. இது சீரியஸ் படம்.”

“அரே, முன்னாடியே சொல்லப்படாதா!” என்ற கரீம் பாட்சா பின்பக்கம் திரும்பினார். “லே, யாரும் சிரிக்காதீங்கலே. சீரியஸ் படமாம்!”

அதுவரை சும்மா இருந்தவர்களும் வாயைப் பொத்தினார்கள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

ஆஷிக் படத்தை நிறுத்தச் சொல்லித் திரைக்கு முன்னால் வந்து நின்றான். “எல்லாரும் கேளுங்க. இதுல மாமா மயங்கி விழ மாட்டாங்க. நெசமாவே மவுத்தாயிருவாங்க.”

எல்லாத் தலைகளும் ஸ்டூலை நோக்கித் திரும்பின. மவுத்தாகப் போகிறவர், “நஜ்மு, பச்சைச் சட்னி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறை அதிர்ந்தது. நாகலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆஷிக்குக்கு விளங்கவில்லை.

“மாமா, நீங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க. உங்களைப் பாத்துத்தான் சிரிக்காங்க.”

“என் படத்துக்கு நானே வெளியவாலே?” என்றவர், சமோசாவோடு எழுந்து போனார்.

படம் மறுபடி ஓடியது. கட்டிலில் கிடந்த மாமா இருமினார். தலையணைக்கடியில் வைத்திருந்த மகனின் போட்டோவைத் தடவினார். பட்டறையில் கொஞ்சம் அமைதி வந்தது. ஆஷிக் நகத்தை விட்டான்.

தான் சாவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கதவு மெல்லத் திறந்தது. சாயங்கால வெயில் உள்ளே பாய்ந்து, ஜெயினுலாப்தீனின் நிழல் திரையில் விழுந்தது. சாகக் கிடந்த மாமாவை இன்னொரு மாமா சமோசா கடித்தபடி எட்டிப் பார்த்தார்.

“மய்யித்தைப் பாக்க மய்யித்தே வந்திருக்குலே!” என்றார் கரீம் பாட்சா.

ரெக்சின் சுருள் ஒன்று, மேலே இருந்த ஆளோடு உருண்டது.

அந்த நேரம் பார்த்து முக்கியமான காட்சி வந்தது. மாமா கண்மூடினார். திரை முழுக்க அவர் முகம் மட்டும். சத்தமே இல்லை. படம் எடுத்த அன்று பக்கத்தில் எங்கோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால், அந்தக் காட்சியின் ஒலியை ஆஷிக் அடியோடு நீக்கியிருந்தான்.

“இப்பத் தொறப்பாரு பாரு.”

“எந்தக் கண்ணு? இடதா, வலதா?”

கிளுகிளுவென்று சிரிப்பு பரவியது. ஆஷிக்கால் பொறுக்க முடியவில்லை. “சைஃப், தள்ளுடா! அடுத்த சீனுக்குத் தள்ளு!”

“ருக்கோ பாய், கண்ணு தொறக்கட்டும்” என்றான் சைஃப், திரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

முகம் அப்படியே இருந்தது. சிரிப்பு கொஞ்சம் இளைத்தது. இன்னும் அப்படியே இருந்தது.

“தொறக்கலியே…” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கரீம் பாட்சா முன்னால் சாய்ந்தார். “லே ஆஷிக், தொறக்கச் சொல்லுலே” என்றார். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. சற்றுப் பொறுத்து, சட்டைப் பையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ரெக்சின் சுருள்களிலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நஜ்முன்னிசா மட்டும், மிச்ச சமோசா ஆறிவிடுமே என்கிற கவலையோடு தட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். நாகலக்ஷ்மி கைக்குட்டையை மடித்து வைத்தார்.

“அந்த ஷாட்டை எப்படிப்பா எடுத்தே?”

“ஒரே டேக், மேடம். நான் கட் சொல்லிட்டேன், மாமா எந்திரிக்கவே இல்லை. கேரக்டருக்குள்ளயே போயிட்டாங்க. நாங்க லைட்டெல்லாம் கழட்டி டெம்போவில ஏத்துற வரைக்கும் அப்படியேதான் கிடந்தாங்க.”

வாசலில் நின்ற ஜெயினுலாப்தீன் தரையைப் பார்த்தார்.

“என்ன அடக்கம்!” என்றார் நாகலக்ஷ்மி. “நானும் கண்ணைத் திறப்பார்னுதான் பாத்துண்டிருந்தேன். சிரிச்சுண்டே இருந்தேன், எப்போ அழ ஆரம்பிச்சேன்னே தெரியலை. போன வருஷம் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். ஒரு பேப்பர் கொடு.”

வெட்டுமேஜையில் வைத்தே எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

“‘அவர் எழுந்துவிடுவார் என்று நாம் சிரித்தபடி காத்திருக்கிறோம். அவர் எழவில்லை. அந்தக் காத்திருப்பைத் துக்கமாக மாற்றியதுதான் இந்த இயக்குநரின் வெற்றி. திரு. ஜெயினுலாப்தீனின் அந்த அசைவின்மை பல வருடப் பயிற்சி இல்லாமல் கைகூடாது. சிறந்த நடிகர் பரிசுக்கும் அவரைப் பரிந்துரைக்கிறேன்.’”

கரீம் பாட்சாதான் முதலில் கை தட்டினார்.

உறை ஒட்டவில்லை. பை ஒட்டும் சொல்யூஷன் பசையை எடுத்து கரீம் பாட்சாவே தாராளமாகத் தடவி அழுத்தினார். “இனி கிழிச்சாத்தான் உண்டு மேடம், பிரிக்க முடியாது.”

சைஃப் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு செம்பூருக்கு பைக்கைக் கிளப்பினான். ஆஷிக் வாசலில் நின்று கல்யாணுக்குப் போன் போட்டான். “வாப்பா, அந்த ஸ்டூலை வேற யாருக்காவது குடுத்துருங்க.”

பைக் முக்குத் திரும்பி மறைந்தது. காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்த நஜ்முன்னிசா அவன் பக்கத்தில் நின்றாள்.

“பல வருசப் பயிற்சின்னு அந்தம்மா எழுதுனது நெசம்தான், ஆஷிக். அன்னைக்கும் நான் வந்து உலுக்குன பொறவுதான் உங்க மாமா குறட்டையை நிறுத்துனாவ.”