மூக்கு இன்னும் சரியாகவில்லை

மனித குலத்தில் ‘முகம் திருத்திகள்’ என்று ஓர் இனம் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நிற்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், பழைய ரகம், பத்து நிமிடத்தில் சீப்பை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது, வீடியோ கேம் ஆடுவதற்கென்றே ஒரு பெட்டியை வாங்கி, டிவியோடு இணைத்து, சோபாவில் சாய்ந்து, கண்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறவர்களை. பெயருக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு ப்ரொஃபைல் படம் வருமே, பார்த்திருப்பீர்கள். அதற்குள்தான் இவர்கள் குடியிருக்கிறார்கள்.

இந்த இனத்தின் தலைவர் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் புலி. ஸ்டூலில் உட்கார வைத்து, “மோவாய கொஞ்சம் இறக்குங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் பளிச்! “ஒரு கண்ணு மூடியிருக்கே சார், இன்னொண்ணு எடுக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். “உங்க கண்ணே அப்படித்தாங்க” என்பார். நான் கேட்டுப் பார்த்தேன். அந்த ஒற்றைக் கண்ணோடுதான் அலுவலக வாசலில் இன்றைக்கும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊரார் முகத்துக்கு அரை நிமிடம் தருகிறவர் தன் முகத்துக்கு எவ்வளவு தருகிறார்?

அதைச் சொல்வதற்கு முன் அவர் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுதிப் பொது அறையில் இருக்கும் கேம் பெட்டி அவள் கைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை. அப்பாவுக்கும் ஒரு பெட்டி வாங்க வைத்து, ‘அப்பா’ என்ற பெயரில் கணக்கும் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள்தான். போனில் “சாப்டியா”, “சாப்டேன்” என்பதைத் தாண்டாத இருவரும், திரையில் ஆளுக்கொரு காரை ஓட்டிக்கொண்டே உலகத்துக் கதையெல்லாம் பேசிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மனிதர் மற்ற ஆறு நாளும் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் அவர் படம், பெட்டியோடு வந்த சாம்பல் நிற மொட்டைத் தலை. ஒரு நாள் தவறான பொத்தானை அழுத்தினார். முகம் திருத்தும் பக்கம் திறந்துகொண்டது. நாற்பது மூக்கு! அறுபது தலைமுடி! பொம்மையைத் திருப்பிப் பிடரியைப் பார்க்கும் வசதி வேறு! அந்தப் பொத்தான் அளவுப் படத்தில் பிடரியை யார் பார்க்கப் போகிறார்கள்? அவர் பார்த்தார்.

அடுத்த வாரம் பத்து நிமிடம் தாமதம். அதற்கடுத்த வாரம் அரை மணி.

“இந்தப் புருவம் கோபமா இருக்கிற மாதிரி இருக்கா?”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவேயில்லை. “புருவத்துக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கோபம். பொண்ணு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டா.”

“இரு, மூக்கு இன்னும் சரியாகல.”

போன ஞாயிறு மனிதர் உஷாராக இரண்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டார். மூன்றே முக்காலுக்கு முகம் முடிந்தது. இருபத்தைந்து வயது, கருகருவென்று மீசை, கறுப்புக் கண்ணாடி, தோல் ஜாக்கெட். இவ்வளவு அழகான ஆளுக்கு ‘அப்பா’ என்று பெயரா? உடனே அந்தக் கணக்கை மொட்டைத் தலையோடு அப்படியே விட்டுவிட்டு, இந்த முகத்துக்கென்று ‘கரும்புயல்’ என்ற புதுக் கணக்குத் தொடங்கினார். மணி நாலு அடித்ததும் மகளுக்கு அழைப்பு அனுப்பினார். நிராகரித்தாள். “விளையாடுறா பாரு!” என்று சிரித்துக்கொண்டே மறுபடி அனுப்பினார். மறுபடி நிராகரிப்பு. மூன்றாவதற்கு மறுமொழியே இல்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, எங்க இருக்கீங்க? மணி நாலேகால். இங்க எவனோ கரும்புயலாம், மீசையும் கண்ணாடியுமா வந்து விடாம தொல்லை பண்றான். பிளாக் பண்ணி, புகாரும் குடுத்துட்டேன்.”

மனைவி மடித்த துணி மேலேயே உட்கார்ந்து சிரித்தார். மனிதர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா?

“ஆளு பாக்க எப்படி இருந்தான்?”

“மூக்குதாம்பா என்னமோ மாதிரி. நீங்க சீக்கிரம் வாங்க. அந்த மொட்டைத் தலைய பாத்தாத்தான் எனக்கு நீங்க வந்த மாதிரி இருக்கு.”

பழைய கணக்கின் பாஸ்வேர்டு நினைவுக்கு வரவில்லை. தேடிப் பிடித்து மொட்டைத் தலையாக உள்ளே நுழைந்தபோது மணி ஐந்து. மகள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அவர் கண்ணெதிரே அணைந்தது. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கேம் பெட்டியே இல்லாத வீடு, நமக்கென்ன என்ற தைரியம். சரி, உங்கள் போனில் இருக்கும் ப்ரொஃபைல் படத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நன்றாக இருக்கிறீர்கள், மறுக்கவில்லை. பக்கத்தில் இருந்ததையெல்லாம் கச்சிதமாக வெட்டியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தோளில் நாலு விரல் மட்டும் தெரிகிறதே, அது யாருடைய கை? அவரிடம் பேசி எத்தனை நாளாயிற்று?