போகும் குழாயும் வரும் குழாயும்

மைத்துனன் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே சிவப்புப் பென்சில் முடிவு செய்துவிட்டார். தன் வீட்டிலும் மீன்தொட்டி வைக்க வேண்டும். இதைவிடச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு மைத்துனன் வாயைத் திறக்கக்கூடாது.

சிவப்புப் பென்சில் என்பது அலுவலகத்தார் அவருக்கு வைத்த பெயர். ஊரில் எழும்பும் புதுக் கட்டடங்களின் கழிவுநீர்க் குழாய் வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி தரும் பிரிவு அவருடையது. அனுமதி தந்தது குறைவு. சாய்வு போதாது, வளைவு கூடாது, திருத்தி எடுத்து வரவும் என்று அவர் சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பிய வரைபடங்களை விரித்தால் ஒரு தெருவையே மூடிவிடலாம். அப்பேர்ப்பட்டவரின் தோளில் கை போட்டு மைத்துனன் சொல்லியிருந்தான்:

“பாத்தீங்களா அத்தான், மேல தொட்டி, கீழ அலமாரிக்குள்ள ஒரு பெட்டி. விளிம்பு வழியா வழியற தண்ணி ஒரு குழாய்ல கீழ போகுது. பம்ப் அதை இன்னொரு குழாய்ல மேல அனுப்புது. குழாய் வேலை கொஞ்சம் நுணுக்கம். நீங்க சும்மா ஒரு ஜாடியில ரெண்டு மீன் விட்டுப் பாருங்க, அதுவே போதும்.”

ஜாடி. அந்தச் சொல் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனைவியிடம் தன் முடிவை அறிவித்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம்ங்க.”

“ஏன் வேண்டாம்?”

“அந்த வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

அத்தோடு விஷயம் உறுதியாகிவிட்டது.

அவர்கள் வீட்டு நடைமுறை அப்படி. மனைவி வேண்டாம் என்பது நடக்கும், வேண்டும் என்பது நடக்காது. இதைத் தன் மனவுறுதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். படுக்கையறையில் நின்ற வாஷிங் மெஷின் அந்த மனவுறுதிக்குச் சாட்சி. மைத்துனன் புதிது வாங்கியபோது பழையதை அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அதை வைக்கத் தோதான இடம் பின்பக்க பால்கனி ஒன்றுதான். அங்கே தண்ணீர்க் குழாயும் இல்லை, கழிவுக் குழாயும் இல்லை. சுவரைத் துளைத்துக் குளியலறையிலிருந்து இரண்டையும் கொண்டுவர வேண்டும். அவள் கேட்டாள். அவர் பால்கனிக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, சாய்வு போதாது என்றார். சில மாதம் கழித்து மறுபடி கேட்டாள். சுவர் உறுதியானது, துளைக்க முடியாது என்றார். மூன்றாம் முறை கேட்டபோது, செய்தித்தாளை மடிக்காமலே, சாய்வு போதாது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றார். மைத்துனன் கொடுத்த பொருளுக்காகச் சுவரில் ஓட்டை போடுவதில்லை என்பது அவர் எந்த வரைபடத்திலும் எழுதாத குறிப்பு.

ஆகவே மெஷின் ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு, தலையில் அலாரம் கடிகாரத்தையும் அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகளையும் சுமந்துகொண்டு படுக்கையறை மூலையில் நின்றது. அவள் குளியலறையில் குந்திக் கையால் துவைத்தாள். சோப்புப் பட்டு விரலிடுக்கு வெடித்து, ராத்திரி எண்ணெய் தடவிக்கொள்வாள். சமீப காலமாகக் கேட்பதை நிறுத்தியிருந்தாள். அடங்கிவிட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

மீன்தொட்டிக்குத் திட்டம் போடும் வேலை சாப்பாட்டு மேசையில் நடந்தது. இந்த முறை பென்சில் கறுப்பு. போகும் குழாயை ஒரே மூச்சில் வரைந்துவிட்டார். முப்பது வருடமாகத் தண்ணீரை வெளியே அனுப்பி அனுப்பிப் பழகிய கை. வரும் குழாயில்தான் பென்சில் நின்றது. அவர் அலுவலகத்தில் போன தண்ணீர் எதுவும் திரும்பி வந்ததில்லை. வந்தால் அதற்குப் பெயர் புகார்.

மைத்துனன் வீட்டில் வரும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்தை ஒட்டியே இருந்ததை அவர் கவனித்திருந்தார். அரைகுறை வேலை. மேலே விழும் தண்ணீர் சலசலக்கும், அடியில் கிடக்கும் தண்ணீர் அசையாது. தன் குழாயைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கி வரைந்தார்.

மனைவி காய்கறித் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். படத்தைத் தலைகீழாகவே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கரண்ட் போனா இந்தத் தண்ணியெல்லாம் எங்கங்க போகும்?”

“எங்க போகும்? இருக்கற இடத்துல இருக்கும்.”

“இல்ல, பம்ப் நின்னுடுமே.”

“நீ வெண்டைக்காயைப் பாரு.”

அவள் வெண்டைக்காயைப் பார்த்தாள்.

பிளம்பிங் கடைக்காரரும் அவரைக் கோபப்படுத்தினார். பெட்டி எவ்வளவு பெரிது என்று கேட்டார். இடையில் ஒரு வால்வு போட்டுக்கொள்ளச் சொன்னார். தான் யார் என்று இவர் சொன்னதும் அந்த மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். ஒருவேளை பல காலம் முன்பு சிவப்புப் பென்சில் பட்டவராக இருக்கலாம்.

தொட்டி ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் அமைந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஆறேழு மீன்கள். தண்ணீர் போயிற்று, வந்தது. போகும் குழாய் மட்டும் யாரோ விடாமல் வாய் கொப்பளிப்பதுபோலச் சத்தம் போட்டது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவள் நடுநடுவே கொப்பளிக்கிறாள் என்று மனைவி சொன்னாள். அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. அவர் சோபாவில் கண்ணயர்ந்திருந்தார். பம்ப் நின்றதும், தொட்டியின் அடியில் வாய் வைத்திருந்த வரும் குழாய் போகும் குழாயாக மாறியது. மேலே இருந்த தண்ணீரை அதுவே உறிஞ்சிக் கீழே பெட்டிக்கு இறக்கியது. பெட்டி நிரம்பியது. பிறகு ஹால் நிரம்பியது. கொப்பளிக்கும் சத்தம் நின்றுபோன அமைதியில் அவர் இன்னும் ஆழ்ந்து தூங்கினார். எழுப்பியது அழைப்பு மணி அல்ல, கதவைத் தட்டிய கை, கரண்ட்தான் இல்லையே. கீழ் வீட்டுக்காரர் தலையில் துண்டோடு நின்றார்.

“சார், குளிச்சுட்டு வரலைங்க. சோபாவில உட்கார்ந்திருந்தேன்.”

தொட்டியில் விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. மீன்கள் ஒருக்களித்துப் படுத்து அவரைப் பார்த்தன. மனைவி மீன்களைக் குண்டானுக்கு மாற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துணியால் தண்ணீரை ஒற்றிப் பிழிய ஆரம்பித்தாள். நான்தான் அன்றைக்கே கேட்டேனே என்று சொல்வாள் என அவர் காத்திருந்தார். பதில் தயாராக இருந்தது. அவள் சொல்லவே இல்லை. அந்தக் கோபம் தனி.

சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது பேச்சை எடுத்தாள். போனது போகட்டும், தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம், தம்பியைக் கேட்டால் எடுத்துக்கொள்வான் என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல:

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். அதைத் தூக்கிட்டுப் போய் பால்கனியில வைக்காதீங்க.”

அவருக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை. இப்போது வந்தது.

“ஏன், வச்சா என்ன?”

“அங்க தண்ணி வர வழியில்ல, போக வழியில்ல. நீங்களே சொன்னதுதானே. சாய்வு போதாதுன்னு.”

“நான் சொன்னது வேற.”

“சுவரைத் துளைக்க முடியாதுன்னீங்க.”

“முடியாதுன்னு யார் சொன்னா? முறைப்படி துளைச்சா முடியும்.”

“நின்னு பாத்துட்டுத்தானே சொன்னீங்க. அப்போ தப்பாவா சொன்னீங்க?”

காப்பியை அவர் குடிக்கவில்லை. டேப்பையும் மட்டப் பலகையையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். சாய்வு தாராளமாக இருந்தது. இவ்வளவு சாய்வை ஒரு கட்டடத்தில் பார்த்ததில்லை என்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் நம்பாத முகத்தோடு உள்ளே போனாள்.

அந்த வாரம் அலுவலகத்துக்கு விடுப்பு. சுவர் துளைக்கும் சத்தத்தில் அவர் கோபம் கொஞ்சம் ஆறுவதாக இருக்கும். அதற்குள் அவள் வந்து நிற்பாள். குழாயைப் பெரிதாகப் போட்டு வீணாக்க வேண்டாம், மீன்தொட்டிக்கு ஒல்லிக் குழாய் போதும் என்பாள். அவர் கடையில் இருந்ததிலேயே பருமனான குழாயைப் போட்டார். கழிவுக் குழாயின் வாயைத் தரையோடு தரையாக வைத்தால் போதுமே என்பாள். தொட்டி நிற்கப்போவதே இடுப்பு உயரத்தில் என்பார். அவர் குழாயின் வாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். பால்கனியில் எதற்குத் தண்ணீர்க் குழாய், வாளியில் கொண்டுவந்து ஊற்றிக்கொள்ளலாம் என்பாள். இனி இந்த வீட்டில் மீனுக்காக ஒருவரும் வாளி தூக்கப்போவதில்லை என்று சத்தம் போட்டுவிட்டு, திருகி மாட்டும் வாயுள்ள நல்ல குழாயாகப் பார்த்து வாங்கி வந்தார். இடது மூலை வேண்டாம், அது நான் துணி காயப்போடும் இடம் என்றாள். இடது மூலை நிச்சயமாயிற்று.

“பிளக் மட்டும் சின்னதா வைங்க. அந்தக் குட்டி பம்ப்புக்குப் பெரிய பிளக் எதுக்கு?”

எலெக்ட்ரீஷியனிடம், ஃபிரிட்ஜ் ஓடுகிற அளவுக்குப் பெரிய பிளக்காக, மூடி போட்டது வேண்டும் என்றார். எலெக்ட்ரீஷியன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் இதெல்லாம் தன் கையில் இல்லை என்பதுபோல நின்றாள்.

வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கழிவுக் குழாயில் ஒரே வீச்சில் ஊற்றிப் பார்த்தார். முனகல்கூட இல்லாமல் விழுங்கியது. இணைப்புகளை விரலால் தடவினார். ஈரமில்லை. அதிகாரியாக அவரே வந்து சரிபார்த்தாலும் சிவப்பில் ஒரு கோடு போட முடியாத வேலை. பசை ஒரு நாள் காயட்டும், நாளைக்கு வந்து தொட்டியை ஏற்றுகிறேன், உன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடு என்றார். கூப்பிட வேண்டுமா என்று அவள் தயங்கினாள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு மறுநாள் அலுவலகம் போனார்.

சாயங்காலம் வந்தபோது வாசலில் மைத்துனனின் செருப்பு கிடந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறான். நல்லது. பின்பக்கமிருந்து மெல்லிய உறுமல் கேட்டது. தன் பம்ப் இப்படி உறுமாதே என்று யோசித்துக்கொண்டே பால்கனிக்குப் போனார்.

இடது மூலையில் வாஷிங் மெஷின் நின்றது. போர்வை இல்லை. அதன் ஒரு குழாய் அவர் திருகு குழாயிலும், இன்னொன்று இடுப்பு உயரத்து வாயிலும், வயர் பெரிய பிளக்கிலும், அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியிருந்தன. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய சட்டை கையை ஆட்டி ஆட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.

மைத்துனன் கை துடைத்துக்கொண்டே எழுந்தான். “அத்தான், ஜாடின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். குழாய் வேலை பிரமாதம். இதுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு.” சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டான்.

அவர் மெஷினை நோக்கி விரலை நீட்டினார்.

“இது என்ன?”

“மீனை இங்க வச்சா செத்துடும்ங்க. மத்தியானம் வெயில் நேரா அடிக்குது. தண்ணி கொதிச்சுடும்னு தம்பி சொல்றான்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

“பால்கனியில வைக்காதீங்கன்னு மொதல்லயே சொன்னேனே.”

அவர் யோசித்துப் பார்த்தார். சொல்லியிருந்தாள். குழாய் பெரிது வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். உயரம் வேண்டாம், திருகு குழாய் வேண்டாம், இடது மூலை வேண்டாம், பிளக் பெரிது வேண்டாம். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எதிர்த்திருந்தாள். எந்த இடத்தில் பிடித்துச் சண்டையை ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கழிவுக் குழாயின் முன் குந்தி உட்கார்ந்தார். மெஷின் சோப்புத் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்தது. எங்காவது ஒரு இணைப்பு விட்டுக்கொடுக்கும். ஒரு சொட்டு போதும். போதாது, திருத்தி எடுத்து வரவும் என்று சொல்லிவிடலாம். மெஷின் முழுதும் தள்ளித் தீர்த்தது. குழாய் முழுதும் குடித்துத் தீர்த்தது. அவர் விரலால் அடியைத் தடவினார். தூசி ஒட்டியது.

“ஒழுகுதாங்க?”

“இல்ல.”

“எப்படி ஒழுகும். போட்டது நீங்களாச்சே.”

அவள் எண்ணெய் தடவாத கையால் மெஷினின் மூடியைத் துடைத்தாள். அவர் எழுந்து உள்ளே போனார். தொட்டி படுக்கையறையில், மெஷின் நின்ற மூலையில் இருந்தது. அலாரம் கடிகாரமும் மாத்திரைகளும் அதன் மூடிமேல் ஏறியிருந்தன. மீன்கள் சௌகரியமாக நீந்தின. பெட்டி இல்லை, பம்ப் இல்லை, போகும் குழாய் இல்லை, வரும் குழாய் இல்லை.

“இதுல தண்ணி எப்படி மாறும்?” வீடே கேட்கும்படி கத்தினார். “அழுக்குத் தண்ணி எது வழியாப் போகும்? நல்ல தண்ணி எது வழியா வரும்?”

அவள் குளியலறையிலிருந்து, இதுநாள்வரை துணி நனைத்துக்கொண்டிருந்த பச்சை வாளியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

“கரண்ட் போனாலும் இது நிக்காதுங்க.”