வால்ட்ஸ் என்றால் உருளுதல்தான், அக்கா

மல்காஜ்கிரி,
நவம்பர் 1972

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மெட்டில்டா அக்காவுக்கு, தம்பி ஐசக் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நானும் யூனிஸும் தேவகிருபையால் சுகம். உன் முழங்கால் வலிக்கும் அத்தானின் கோபத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம்.

"கல்யாணத்தில் டான்ஸ் என்றால் நாசரேத்திலிருந்து ஒருத்தரும் ரயிலேற மாட்டோம்" என்று எழுதியிருந்தாய். செலின் கர்த்தரிடம் போனபிறகு என் பெண் யூனிஸுக்குத் தாயாக நிற்க உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆகவே கோபப்படாமல் வாசி. இது யூனிஸின் பிடிவாதம். செலினின் ஆங்கிலோ இந்திய ரயில்வே உறவுகளில் கல்யாண விருந்தன்று தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்து வால்ட்ஸ் ஒரு சுற்று ஆடுவது வழக்கமாம். என் தலையெழுத்து, நான் என்ன செய்ய?

அந்தச் சொல்லில் பாவம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விசாரித்தேன். எங்கள் ராமச்சந்திராபுரம் ஆலைக்கு வந்திருக்கும் செக் தேசத்து இன்ஜினியர் சொன்னார்: உருள்வதற்கும் சுற்றுவதற்கும் ஜெர்மன்காரன் சொல்லும் சொல்லிலிருந்து வந்ததாம், நான் தகடு வளைக்கும் எந்திரத்து உருளைக்கும் அவன் பேச்சில் அதே வேர்தானாம். பிரெஞ்சுக்காரன் அதை வால்ஸ் என்றான், இத்தாலிக்காரன் வால்ட்ஸர் என்றான். ஆளாளுக்குச் சொல்லை மாற்றினார்களே தவிர சுற்றுவதை யாரும் விடவில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உருட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், பாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, பழகிப் பார்ப்போம் என்று ஞாயிறன்று தலையணையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் சுற்றினேன். தலை கிறுகிறுத்து, செலினின் தையல் மிஷின்மேல் விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு உலகநாதன் வலிப்பு என்றே முடிவுகட்டி, இரும்புச் சாவிக்கொத்தை என் கையில் திணித்து, "சார், இறுக்கிப் புடிங்க, விட்றாதீங்க!" என்று அழுத்த, அவர் சம்சாரம் கமலா கூச்சல் போட்டுத் தெருவையே கூட்ட, ரிக்ஷாக்கார அப்துல் ரஹீம் வண்டியையே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "நக்கோ பாய், வேணாம், இது டான்ஸு!" என்று நான் கத்தினால், "ஐயோ பாவம், பெனாத்துறாரு" என்கிறாள் கமலா. சிரிக்காதே அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு இதுவரை சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்கு ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் நானும் செலினும் ஆடுவோம். விட்டால் நான் விழுவேன் என்று தெரிந்து அவளும் கையை அப்படித்தான் இறுக்கிப் பிடிப்பாள்.

பிள்ளையின் ஆசைக்காகப் பொறுத்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். ரயிலேறும் அளவுக்காவது கர்த்தர் உன் முழங்காலைச் சுகமாக்குவாராக.

உன் தம்பி,
ஐசக்

பி.கு.: யூனிஸ் இதை வாசித்துவிட்டாள். "டாடி, டான்ஸ் நக்கோன்னு நான்தானே சொன்னேன்? அத்தை வந்தாப் போதும்" என்கிறாள். உண்மைதான் அக்கா. அவள் கேட்கவே இல்லை, நான்தான் கேட்டேன். அவள் கை அப்படியே செலினின் கை. புருஷன் வீட்டுக்குப் போவதற்குள் ஒரு சுற்று பிடித்துக்கொள்ள வேண்டும். நீ திட்டு, ஆனால் வந்து திட்டு.